உறவுத் திருமணமும் அரிய மரபு நோய் ஆய்வும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் வரலாறு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அரிய மரபு நோய் ஒன்றை ஆராய வருபவர் முதலில் நாட வேண்டியது வீட்டுப் பெரியவர்களின் நினைவைத்தான். எந்த அக்காவின் மகளை எந்தத் தம்பிக்குக் கட்டினார்கள், எந்தப் பிரசவத்தில் பிறந்த பிள்ளை தங்காமல் போனது, எந்தத் தாத்தாவுக்கு நாற்பது வயதுக்குள் இருட்டில் கண் தெரியாமல் போனது என்பதெல்லாம் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் முழுமையாக இருப்பதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்குப் பின்னும் பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தை குடும்ப அட்டையில் ஏறுவதில்லை. வாரிசுச் சான்றிதழிலும் இடம்பெறுவதில்லை. மரபு நோயின் வழித்தடத்தைக் காட்டுவது பெரும்பாலும் அந்தக் குழந்தைதான்.

பின்லாந்தில் மரபு நோய்களை ஆராய்ந்தவர்களுக்குத் தேவாலயப் பதிவேடுகள் கைகொடுத்தன. தமிழகத்தில் அந்த வேலையைச் செய்தவை உறவுமுறையும் குலதெய்வ வழிபாடும். செஞ்சிக்கு அருகில் உள்ள மேல்மலையனூர் அங்காளபரமேசுவரியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. மொட்டைக்கும் காதுகுத்துக்கும் அவை கூடும்போது யார் பங்காளி, யார் சம்பந்தி என்பது மறுபடியும் ஒருமுறை உறுதியாகிறது. பங்காளிக்குள் பெண் எடுப்பதில்லை. மாமன், மைத்துனன் வழியில் எடுக்கலாம். இந்த ஒரு விதியைக் காப்பாற்றவே மூன்று, நான்கு தலைமுறைகளின் உறவு வரிசை நினைவில் வைக்கப்பட்டது.

முறைப்பெண் வழக்கம்

மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் ஆகிய மூவரும் தமிழ்நாட்டின் பெரும்பாலான சமூகங்களில் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள். அக்கா மகளைத் தாய்மாமன் மணப்பது வடதமிழக மாவட்டங்களில் பரவலாக இருந்தது. காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் மாமனே பின்னாளில் மாப்பிள்ளையாவதும் உண்டு. நிலம் வெளியே போகாது, சீர் குறைவு, பெண் போகும் வீடு தெரிந்த வீடு, வயதான காலத்தில் மாமியாரே பாட்டியாகவும் இருப்பாள் என்ற காரணங்கள் வழக்கத்தைத் தாங்கின. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணம் செய்வதைத் தடுத்தாலும், வழக்கம் அனுமதிக்கும் இடங்களுக்கு விலக்கு அளித்தது. அதனால் தென்னிந்தியாவில் இந்த மணங்கள் சட்டப்படியும் செல்லுபடியாயின.

மரபியல் இந்த உறவுகளைப் பின்னத்தில் எழுதுகிறது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் குழந்தையிடம் அந்த இரண்டு படிகளும் ஒரே மூதாதையின் ஒரே படியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகள் மணத்தில் அது பதினாறில் ஒன்று. அந்தப் படி பழுதானதாக இருந்தால்தான் தொல்லை. ஒடுங்கு வகை நோய்களில் ஒரு பழுதான படி மட்டும் உள்ளவர் நலமாகவே வாழ்வார், அவர் நோய்க்கடத்தி. கணவன், மனைவி இருவரும் ஒரே நோயின் கடத்திகளானால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் இரண்டு பிள்ளைகள் நலமாகப் பிறந்தன என்பதால் மூன்றாவது பிள்ளைக்கு இந்த வாய்ப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

ஆய்வாளர்கள் வந்த வழி

வெளியார் வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அன்றைய தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. 1918இல் அந்த ஆய்வுகள் நூலாயின. அதே ஊருக்கு 1930களிலும், 1961இலும், 1980களின் தொடக்கத்திலும், 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பி வந்தார்கள். நிலம், கூலி, கடன், சாதி ஆகியவையே அவர்களின் கேள்விகள்; நோய் அல்ல. ஆனாலும் ஒரே ஊரின் குடும்பங்களைத் தலைமுறை கடந்து தொடர்ந்து பார்க்க முடியும் என்பதை இருவேல்பட்டு காட்டியது. மரபு நோய் ஆய்வுக்கும் அதுதான் அடிப்படைத் தேவை.

மருத்துவ ஆய்வு வேறு வழியில் வந்தது. அதன் தொடக்கத்துக்கும் திண்டிவனத்தோடு தொடர்பு உண்டு. 1890களில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவர் திண்டிவனத்தில் பணியாற்றினார். அவர் மகள் ஐடா ஸ்கடரிடம் ஓர் இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவிகளைப் பார்க்கும்படி வேண்டினார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பது அவர்களின் கட்டுப்பாடு. ஐடாவோ மருத்துவம் படித்திருக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வேலூரில் பணியைத் தொடங்கினார். அவர் 1918இல் பெண்களுக்காகத் திறந்த மருத்துவப் பள்ளி வளர்ந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியானது. தமிழகக் கிராமங்களில் உறவுத் திருமணத்தையும் மரபு நோயையும் இணைத்து நடந்த முன்னோடி ஆய்வுகள் அந்தக் கல்லூரியிலிருந்தே வந்தன.

அவற்றில் ஒன்றை நடத்தியவர் வில்லர்டு சென்டர்வால் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். பினைல்கீட்டோனூரியா என்ற அரிய நோயைக் கண்டறிய, குழந்தையின் ஈரத்துணியில் பெரிக் குளோரைடு விட்டு நிறமாற்றம் பார்க்கும் எளிய சோதனையை 1957இல் அறிமுகப்படுத்தியவர் அவர். அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு குடும்பத்தின் விடாமுயற்சியால்தான். நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாய், மனவளர்ச்சி குன்றிய தம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு விசித்திரமான வாடை இருப்பதைக் கவனித்து, மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கினார். கடைசியில் 1934இல் அஸ்பியோர்ன் பொல்லிங் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து, காரணமான வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். சிறுநீரைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்தத் தாய்தான்.

சென்டர்வால் தம்பதியர் தென்னிந்தியாவில் உறவுத் திருமணத்துக்கும் பிறவிக் குறைகளுக்கும் உள்ள தொடர்பு பற்றிய முன்னோட்ட ஆய்வை 1966இல் வெளியிட்டார்கள். கிராமப்புறத்தில் எந்தெந்த உறவுகளில் மணம் நடக்கிறது என்ற ஆய்வு, தமிழகத்துச் சகாக்களோடு சேர்ந்து 1969இல் வந்தது. அடுத்த பத்தாண்டில் பி.எஸ்.எஸ். சுந்தர் ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் இருவரும் வடஆர்க்காட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். கிராமங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை என்று கண்டார்கள். 1977இலும் 1980இலும் வந்த அவர்களின் கட்டுரைகளில் ஓர் எதிர்பாராத முடிவும் இருந்தது: கருச்சிதைவு, பிறப்பு எடை, பிறவிக் குறை ஆகியவற்றில் உறவுக்குள் மணந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நூற்றாண்டுகளாக உறவுக்குள்ளேயே மணம் நடந்ததால் மிகக் கொடிய மரபணுப் பழுதுகள் கழிந்துபோயிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

புதுச்சேரியிலும் அதே காலத்தில் ஆய்வு நடந்தது. திண்டிவனம் சாலையில் கோரிமேட்டில் 1964 முதல் இயங்கும் ஜிப்மர், விழுப்புரம், திண்டிவனம் மக்களுக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை. புதுச்சேரிச் சமூகம் ஒன்றில் உறவுத் திருமணத்தின் விளைவுகளைப் பற்றிப் பூரி, வர்மா, பார்கவா மூவரும் எழுதிய ஆய்வு, இந்திய மருத்துவ மரபியல் பற்றிய ஒரு தொகுப்பில் 1978இல் வெளிவந்தது. அது அச்சானதும் புதுச்சேரியில்தான்.

சுந்தர் ராவ், இன்பராஜ் கண்ட முடிவை அப்படியே பொதுவிதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1980களில் கர்நாடகத்தில் அப்பாஜி ராவ், ராதா ரமா தேவி, ஆலன் பிட்டில்ஸ் முதலியோர் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அமினோ அமிலக் கோளாறுகள் உறவுக்குள் மணந்தவர்களின் குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. மொத்தக் கணக்கில் வேறுபாடு சிறியது. தனித்தனி அரிய நோய்களில் அது பெரியது. பிறந்தபோது குறை தெரியாத குழந்தைகள் மொத்தக் கணக்கில் நலமான குழந்தைகளாகவே சேர்ந்துவிடுகின்றன.

வம்சப் படம் எழுதும் வேலை

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கருவி வம்சப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவரின் குறி கறுப்பாக நிரப்பப்படும்; இறந்தவரின் குறுக்கே கோடு விழும். கணவன் மனைவியை இணைப்பது ஒற்றைக் கோடு. அவர்கள் சொந்தமானால் இரட்டைக் கோடு. இந்த வட்டாரத்துக் குடும்பத்தின் படத்தில் இரட்டைக் கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வருவதும், ஒரே பெண் மகளாக ஓர் இடத்திலும் மருமகளாக வேறோர் இடத்திலும் வருவதும் சாதாரணம். அப்போது காகிதத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். படத்தைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

இதை எழுதுபவர் பெரியவர்களை உட்காரவைத்து, இருவரிடமாவது தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘மாமா’ என்றால் அம்மாவின் தம்பியா, மாமனாரா, இரண்டும் ஒருவரேயா என்று ஒவ்வொரு முறையும் தெளிவுபடுத்திக்கொள்வார்கள். ‘சொந்தம்தான்’ என்ற பதில் போதாது. ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்டால் உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கைதான் வரும், ‘எத்தனை பிரசவம்?’ என்று கேட்டால்தான் இழந்த பிள்ளைகளும் கணக்குக்கு வருவார்கள். அந்தப் பதிலைப் பெரும்பாலும் பாட்டியே தருகிறார். எந்தப் பொங்கலுக்கு முன், எந்தப் புயலுக்குப் பின் என்று பிறப்பையும் இறப்பையும் அவர் காலவரிசைப்படுத்தித் தருவது ஆய்வுக்குச் செய்யும் நேரடியான பங்களிப்பு.

ரத்தம் கொடுக்கும் பழக்கம் வேறொரு நோயால் வந்தது. 1975இல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் (இங்கு நோய்க்கடத்தி என்பது கொசு போன்ற பூச்சி) யானைக்கால் நோய் குறித்து விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் நீண்டகாலம் வேலை செய்தது. 1990களில் டிஇசி, ஐவர்மெக்டின் மாத்திரைகளை ஊர் முழுக்கக் கொடுத்துப் பார்க்கும் ஒப்பீட்டு ஆய்வும் இங்கு நடந்தது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் இரவில்தான் ஓடும் என்பதால் களப்பணியாளர்கள் இரவில் வந்து விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். யானைக்கால் தொற்று நோய்; மரபு நோயல்ல. ஆனால் நலமாக இருப்பவரும் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்ற கருத்து அதன் வழியாகவே பல ஊர்களுக்கு அறிமுகமானது. மரபு நோய் ஆய்விலும் நோயாளியின் ரத்தத்தோடு தாய், தந்தை, நலமான உடன்பிறந்தார் ரத்தமும் தேவை. ஒருவரின் மரபணுத் தொகுதியில் லட்சக்கணக்கான மாற்றங்கள் இருக்கும். அவற்றில் நோய்க்குக் காரணமானது எது என்பதைப் பெற்றோரின் மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் சலித்தெடுக்க முடியும்.

உறவைத் தாண்டிச் சாதிக்கு

2000க்குப் பின் ஆய்வின் பார்வை மாறியது. 2009இல் ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவும் இந்திய மக்களின் மரபணு வரலாறு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 2017இல் அதன் தொடர்ச்சி வந்தது. தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81 சமூகங்கள் மிகச் சிறிய மூதாதைக் குழுக்களிலிருந்து பெருகியவை. அந்தச் சிறு தொடக்கத்தின் மரபுத் தாக்கம் பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிடக் கூடுதல். அவற்றில் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்டவை.

இதன் பொருள், சொந்தத்தில் கட்டவில்லை என்பது மட்டும் காப்பு ஆகாது என்பதுதான். சாதிக்குள் மட்டுமே மணம் செய்யும் சமூகத்தில், உறவே இல்லை என்று நினைக்கும் இருவரும் பழைய மூதாதை ஒருவரின் ஒரே பழுதைச் சுமக்கக்கூடும். தமிழகத்தில் இதற்குத் தெளிவான சான்று கோவையிலிருந்து வந்தது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதி, மனோகரன் ஆகியோர் வைசிய சமூகத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அறவே இல்லாதவர்களை ஆராய்ந்து 2000களில் எழுதினார்கள். இவர்கள் அன்றாட வாழ்க்கையில் நலமானவர்கள். அறுவை சிகிச்சையின்போது தசை தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தைக் கொடுத்தால் மட்டும் அது உடலில் சிதையாமல் நின்று, மூச்சுத் தசைகள் நெடுநேரம் இயங்காமல் போகும். குடும்பத்தில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால், மற்றவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த குடும்பத்துக்கே பயன் நேரடியாகத் திரும்பிய எடுத்துக்காட்டு இது.

ஒரு சமூகத்தைப் பற்றிய முடிவைப் பெயர் ஒற்றுமையால் இன்னொன்றின் மேல் ஏற்றக்கூடாது என்பதும் இந்தக் காலப் பாடம். இந்தியாவில் அரிவாள் உயிரணு மரபை 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் முதலில் அறிவித்தது நீலகிரிப் பழங்குடிகளிடம். இருளர் அவர்களில் ஒரு பிரிவினர். திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் சமவெளி இருளர்களின் நிலையை அவர்களைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அரிவாள் உயிரணு சோகையை ஒழிக்க 2023இல் தொடங்கிய தேசியத் திட்டம் பழங்குடி மக்களிடம் பெருமளவில் பரிசோதனையை மேற்கொள்கிறது.

பங்கேற்பின் விதிகள்

1960களின் ஆய்வுகளில் குடும்பம் ஓர் எண். களப்பணியாளர் கேட்டார், குடும்பம் சொன்னது, கணக்கு ஆய்விதழுக்குப் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் ஆய்வு நெறி பற்றிய முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 2000, 2006, 2017 ஆண்டுகளில் வந்த வழிகாட்டுதல்கள் அதை விரிவாக்கின. மருந்துச் சோதனைகளுக்கான பொதுப் பதிவேடு 2007இல் தொடங்கி, 2009 முதல் கட்டாயமானது. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகள் 2019இல் வந்தன.

இவற்றின்படி ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி முன்னிலையில் படித்துக்காட்டிய பிறகே கைநாட்டு. ஏழு வயதைக் கடந்த பிள்ளையிடம் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். எடுத்த ரத்தம் எவ்வளவு காலம் வைக்கப்படும், வேறு ஆய்வுக்குப் போகுமா, முடிவு வீட்டுக்குத் தெரிவிக்கப்படுமா என்பதெல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

விதியைவிடக் கடினமானது வீட்டுக்குள் நடப்பது. நோயுள்ள பிள்ளை பிறந்தால் பழி மருமகள் மேல் விழுவது பழைய வழக்கம். ஒடுங்கு வகை நோயில் தாய், தந்தை இருவரின் பங்கும் சமம். தசைச்சிதைவு நோயான டுஷேன், ரத்தம் உறையாத ஹீமோபீலியா போன்றவற்றில் தாய் கடத்தியாக இருக்கலாம். பல நேரங்களில் பிள்ளையிடமே புதிதாகப் பழுது தோன்றியும் இருக்கும். முடிவைச் சொல்லும் ஆலோசகர் இதைக் கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக வைத்து விளக்குவது அதனால்தான். திருமணமாகாத பெண் கடத்தி என்ற செய்தி ஊரில் பரவினால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சமும் உண்மையானது. நியூயார்க்கின் புரூக்ளினில் யூத மதகுரு யோசப் எக்ஸ்டைன், தம் நான்கு குழந்தைகளை டே-சாக்ஸ் என்ற மரபு நோய்க்குப் பறிகொடுத்தபின், 1983இல் இதற்கு ஒரு வழி கண்டார். இளைஞர்களின் ரத்தம் பெயரில்லாமல் எண்ணோடு சோதிக்கப்படும். சம்பந்தம் பேசும்போது இரண்டு எண்களைச் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்ற பதில் மட்டும் வரும். யார் கடத்தி என்பது வெளியே தெரியாது.

இன்றைய நிலை

விழுப்புரம் 1993இல் தனி மாவட்டமானது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று, பிறவிக் குறையோ வளர்ச்சித் தாமதமோ உள்ள பிள்ளைகளை மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புகின்றன. ஒரு குடும்பம் மரபு நோய் ஆய்வுக்குள் வரும் முதல் வாசல் பெரும்பாலும் இதுதான். அடுத்த படிகள் மாவட்டத்துக்கு வெளியே: கோரிமேட்டில் ஜிப்மர், எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை, திருவண்ணாமலை வழியாக ரயிலில் போகும் வேலூர், டுஷேன் தசைச்சிதைவுக்கான மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் கோவையின் எம்டிசிஆர்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் அரிய நோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. நோயாளி நேராக அதில் சேர்வதில்லை. சிகிச்சை தரும் மையமே பதிகிறது. ஒரே நோய் உள்ளவர்கள் எத்தனை பேர், எங்கே என்று தெரிந்தால்தான் அந்த நோய்க்கு மருந்துச் சோதனை நடத்த முடியும் என்பதே பதிவின் பயன்.

அப்படி நடந்த சோதனை ஒன்றின் முடிவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2024 டிசம்பரில் வெளியிட்டது. கடுமையான ஹீமோபீலியா ஏ நோயுள்ள 5 பேரின் ரத்த மூல உயிரணுக்களை எடுத்து, அவற்றில் எட்டாம் உறைகாரணிக்கான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். ஐவரையும் சேர்த்து மொத்தம் 81 மாதக் கண்காணிப்பில் யாருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. சோதனையில் சேர்பவர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதால், கூட வரும் குடும்பத்தின் நேரமும் கூலியிழப்பும் ஆய்வின் செலவில் ஒரு பகுதி.

உறவுத் திருமணம் குறைந்து வருகிறது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. குடும்பங்கள் சிறியதாகி, அத்தை, மாமன் உறவுகளே அருகுவதால் இனி அது மேலும் குறையும். சாதிக்குள் மணப்பது அதே வேகத்தில் குறையவில்லை. அதனால் ஆய்வின் தேவை தீரவில்லை. உறவு வரிசையை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை வயதாகிவருகிறது. மூன்று தலைமுறையின் பிறப்பு, இறப்பு, இறந்த வயது, நோயின் அறிகுறி, மணந்த உறவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பழைய மருத்துவச் சீட்டுகளோடு வைத்திருப்பதே, மரபு நோய் உள்ள எந்தக் குடும்பமும் செலவில்லாமல் ஆய்வுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.